எடிசனின் பத்தாண்டுத் தவம்

எடிசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது மின்விளக்கு. அடுத்தபடியாகப் பேசும் பெட்டியாகிய கிராமபோனின் முன்னோடி. அதற்கும் அடுத்தபடியாகச் சலனப்படம். பள்ளிப் பருவத்திலே நாம் படித்த பாடம் அவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால், அந்த மனிதரின் ஆயுளில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும், பெருஞ்செல்வத்தையும் விழுங்கிய ஒரு பொருளைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. அதுதான் சேமக்கலம், அதாவது, மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய பாட்டரி.

எனக்கும் அந்தக் கதை தெரியாமல்தான் இருந்தது. தெரிய வைத்தது ஓர் அவமானம்.

சென்ற மார்கழிக் குளிரில், நம் விடுதியின் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். முறைப்படி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி நண்பர் ஒருவர் தம் கையடக்க ஸ்கேனர் வானொலியைக் கொண்டுவந்திருந்தார். தலைக்கு மேலே செல்லும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் குரலைக் கேட்பது திட்டம். நிலையம் அடிவானத்தில் எழுந்து மறையும் நேரம் பத்து நிமிடந்தான். இரைச்சலுக்கிடையே மனிதக் குரல் எழுந்தது. எல்லோரும் மூச்சடக்கி நின்றோம். இரண்டாவது நிமிடத்தில் கருவி ஊமையாகிவிட்டது. பாட்டரிக்கு மின்னூட்டும் பொறுப்பை ஏற்றிருந்தவன் நான். நிறைய ஊட்டினால் நிறைய உழைக்கும் என்று நம்பி, ஒரு மலிவான சார்ஜரில் இரண்டு நாள் முழுவதும் கலங்களை விட்டுவைத்திருந்தேன். இயற்பியல் முதுகலை மாணவன் செய்யும் காரியமா இது? யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

செய்த பிழை யாது என்று அறிய நூலகத்தில் புகுந்தேன். அங்கே எடிசன் காத்திருந்தார்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் மிச்சிகனில் உள்ள போர்ட் ஹியூரனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் இருந்த காலம் மிகச் சொற்பம். ஆசிரியையாக இருந்தவரான தாயார் நான்சியே வீட்டில் வைத்துக் கற்பித்தார். பன்னிரண்டாம் வயதில் போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கலானார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் இரசாயனப் புட்டிகளை அடுக்கி வைத்துச் சோதனை செய்தார். இளமையிலேயே செவித்திறன் குறையத் தொடங்கியது. பிற்காலத்தில் ஏறக்குறையச் செவிடராகவே வாழ்ந்தார்.

1862-இல் ஒரு நாள், மவுண்ட் கிளெமன்ஸ் நிலையத்தில் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த நிலைய அதிகாரியின் குழந்தையை, நெருங்கி வந்த வண்டியிடமிருந்து இளைஞர் எடிசன் காப்பாற்றினார். நன்றிக் கடனாக அந்த அதிகாரி அவருக்குத் தந்தி அடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். தந்தியோடு பாட்டரியும் அவர் வாழ்வில் புகுந்தது. அந்நாளில் தந்திக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் கண்ணாடி ஜாடிகளில் இருந்த இரசாயனக் கலங்களிலிருந்துதான் வந்தது.

பாட்டரியோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவு இனிதாக அமையவில்லை. லூயிவில் நகரில் இரவு வேலை பார்த்தபோது, அலுவலகத்திலேயே கலங்களை வைத்துச் சோதனை செய்தார். ஒரு நாள் கந்தகாமிலம் கொட்டிற்று. பலகைத் தரையின் இடுக்கு வழியே கசிந்து, கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேசையையும் தரைவிரிப்பையும் அரித்தது. மறுநாள் எடிசனுக்கு வேலை போயிற்று. ஈயமும் அமிலமும் சேர்ந்த பாட்டரியை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்ததற்கு இந்நிகழ்ச்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், விதை விழுந்த இடம் இதுவோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதன் பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. 1876-இல் மென்லோ பார்க்கில் ஆராய்ச்சிச் சாலை. 1877-இல் ஒலிப்பதிவுப் பொறி. 1879-இல் நீடித்து எரியும் விளக்கு. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பெர்ல் தெருவில் மின் நிலையம். 1887-இல் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் முன்னதினும் பெரிய ஆராய்ச்சிச் சாலையைக் கட்டினார். இளமையில் வேலை போன தந்திக்காரர் நாற்பது வயதில் உலகப் புகழ் பெற்றவராகிவிட்டார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். மீண்டும் மின்னூட்டக்கூடிய ஈய அமிலக் கலத்தைப் பிரான்ஸ் நாட்டுக் காஸ்டன் பிளாண்டே 1859-லேயே செய்து காட்டியிருந்தார். 1881-இல் கமில் ஃபோர் அதைத் திருத்தி, தொழிற்சாலையில் செய்வதற்கு ஏற்றதாக்கினார். உடனே சேமக்கலக் கம்பெனிகள் காளான்போல முளைத்தன. பங்கு வியாபாரம் சூடு பிடித்தது. அந்நாளில் எடிசன் சேமக்கலத்தின்மீது கொஞ்சமும் மதிப்பு வைக்கவில்லை. அந்தத் தொழிலையே ஏமாற்று வேலை என்ற அளவுக்கு 1883-இல் இகழ்ந்து பேசினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, எதை இகழ்ந்தாரோ அதன் காலடியிலேயே அவர் அமர நேர்ந்தது.

1890-களில் இரும்புத் தாதுவைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் தொழிலில் இறங்கி எடிசன் பெரும்பணம் இழந்திருந்தார். வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேறொருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். அந்தச் சமயத்தில் அமெரிக்க நகரங்களில் ஓடிய மோட்டார் வண்டிகளில் கணிசமானவை மின்சாரத்தால் ஓடின. அவற்றின் வயிற்றில் இருந்தது ஈய பாட்டரி. அதன் எடையோ அதிகம். அமிலம் தன்னைச் சுமக்கும் தகட்டையே அரிக்கும். முழுவதும் வடியவிட்டுச் சில வாரம் மறந்தால் தகடுகளில் உப்புப் படிந்து கலம் கெட்டுவிடும். எடை குறைந்ததாய், முரட்டுத்தனத்தைத் தாங்குவதாய், நெடுங்காலம் உழைப்பதாய் ஒரு கலம் வேண்டும் என்று எடிசன் தீர்மானித்தார். அமிலத்தை அறவே விலக்கிக் காரக் கரைசலைத் தேர்ந்தெடுத்தார்.

1901-இல் எடிசன் சேமக்கலக் கம்பெனி பிறந்தது. நிக்கல் ஒரு முனை, இரும்பு மறு முனை, நடுவே பொட்டாஷ் கரைசல் என்பது அவர் கண்ட அமைப்பு. இந்த முடிவுக்கு வருமுன் ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. தோல்வியிலும் பலன் கண்டார் எடிசன் என்று நாமெல்லாம் மின்விளக்கோடு சேர்த்துக் கேட்டிருக்கும் கதை உண்மையில் இந்தச் சேமக்கலத்தைச் சேர்ந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1910-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் அது இவ்வாறுதான் காணப்படுகிறது. மாலரி என்னும் நண்பர் ஆய்வுச் சாலைக்கு வந்தார். மேசை நிறையச் சோதனைக் கலங்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தும் பலன் இல்லை என்று அறிந்து அவர் அனுதாபப்பட்டார். எடிசனோ, எவையெவை உதவா என்று பல ஆயிரம் சங்கதிகள் இப்போது தமக்குத் தெரியும், அதைவிட வேறு பலன் என்ன வேண்டும் என்ற பொருளில் விடை கூறினாராம்.

இதே சமயத்தில் கடலுக்கு அப்பால் இன்னோர் உள்ளமும் இதே வழியில் சென்றுகொண்டிருந்தது. சுவீடன் நாட்டு வால்டெமார் யுங்னர் 1899-இல் நிக்கலும் காட்மியமும் கொண்ட காரக் கலத்தை உருவாக்கினார். நிக்கல்-இரும்பு அமைப்பையும் ஆராய்ந்து பார்த்தவர் அவர். இருவருக்கும் காப்புரிமை வழக்கு மூண்டது. எடிசனிடம் பணபலமும் புகழும் இருந்தன. யுங்னரிடம் அவை இல்லை. வழக்குச் செலவு அந்தச் சுவீடன் விஞ்ஞானியை வாட்டியது. எடிசனைப் போற்றும்போது இதை மறைப்பது நேர்மையாகாது. ஏனென்றால், பிற்காலத்தில் நம் கைக்கருவிகளுக்குள் புகுந்தது யுங்னரின் நிக்கல்-காட்மியக் கலமேயன்றி எடிசனுடையது அன்று.

1903-இல் எடிசனின் கலம் சந்தைக்கு வந்தது. விளம்பரம் வானளாவியது. மின் வண்டிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால், விரைவிலேயே புகார்கள் வரத் தொடங்கின. பற்றவைத்த இடங்களில் கலங்கள் கசிந்தன. அதைவிடக் கொடியது வேறொன்று. மாதங்கள் செல்லச் செல்லச் சில கலங்களின் கொள்ளளவு காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தது. நேற்று ஓடிய தூரம் இன்று ஓடவில்லை.

எடிசனின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் இதுதான். விற்ற பொருள் விற்றதுதான் என்று அவர் கையை விரிக்கவில்லை. உற்பத்தியை நிறுத்தினார். பழுதான கலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இன்னும் வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். ஈயக் கலத்தைவிட இது மேல் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் கொடுக்க மறுத்தார். தாம் சொன்ன அளவுக்குப் பொருள் உயராத வரையில் அதை விற்பதில்லை என்று உறுதி பூண்டார். மீண்டும் மேசைக்குத் திரும்பினார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தார்.

குற்றம் எங்கே இருந்தது? நிக்கல் ஐதராக்சைடு மின்சாரத்தை நன்கு கடத்தாது. ஆகவே, அதனோடு காரீயத் தூள், அதாவது கிராஃபைட் கலந்திருந்தார்கள். மின்னூட்டும்போது நிக்கல் பொருள் பருத்தது, மின்னிறங்கும்போது சுருங்கியது. இந்த மூச்சு வாங்கலில் துகளுக்கும் துகளுக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்தது. கிராஃபைட்டும் நாளடைவில் அரிக்கப்பட்டது. எடிசன் கண்ட மாற்று அழகானது. செம்பையும் நிக்கலையும் மாறி மாறி மிக மெல்லிய படலங்களாக மின்முலாம் பூசி, பிறகு செம்பை மட்டும் கரைத்துவிட்டார். காற்றில் பறக்கக்கூடிய நிக்கல் செதில்கள் மிஞ்சின. துளையிட்ட எஃகுக் குழல்களில் நிக்கல் ஐதராக்சைடு ஓர் அடுக்கு, செதில் ஓர் அடுக்கு என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளை வைத்து இறுக்கினார். குழல் விரியாமலிருக்க எஃகு வளையங்களைப் பூட்டினார். கரைசலில் சிறிதளவு லித்தியம் ஐதராக்சைடு சேர்த்தபோது கொள்ளளவு உயர்ந்தது. கலங்களைக் குலுக்கும் பொறிகளில் வைத்துக் குலுக்கினார்கள். கரடுமுரடான பாதைகளில் வண்டிகளில் ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள்.

1909-10-இல் புதிய கலம் வெளிவந்தது. இந்த முறை அது தோற்கவில்லை. முழுவதும் வடியவிட்டாலும் சாகாது. அளவுக்கு மீறி ஊட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்தாலும் மீண்டும் எழும். பல கலங்கள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தன.

வெற்றி கிடைத்தது. ஆனால், காலம் காத்திருக்கவில்லை. 1908-இல் ஹென்றி ஃபோர்டின் மாடல்-டி பெட்ரோல் வண்டி வந்துவிட்டது. 1912-இல் காடிலாக் வண்டியில் கெட்டரிங் அமைத்த மின் துவக்கி இடம்பெற்றது. கையால் சுழற்றித் துவக்கும் துன்பம் நீங்கியது. அந்தத் துவக்கிக்கு வேண்டிய பெரும் மின்னோட்டத்தை நொடியில் தரக்கூடியது எது? எடிசன் வெறுத்த அதே ஈய பாட்டரிதான்! குளிரில் எடிசனின் கலம் சோர்ந்துவிடும். மின் வண்டிக்காகப் பிறந்த கலம், மின் வண்டியே மறையும் நேரத்தில் முழுமை அடைந்தது. நண்பர் ஃபோர்டோடு சேர்ந்து மலிவான மின் வண்டி செய்ய 1914-இல் முயன்றதும் நிறைவேறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வெஸ்ட் ஆரஞ்சுத் தொழிற்சாலைக் கட்டடங்கள் பல தீக்கிரையாயின. அறுபத்தேழு வயது எடிசன் உடனே மீண்டும் கட்டத் தொடங்கினார்.

சேமக்கலம் வேறு இடங்களில் வாழ்வு பெற்றது. ரயில்வே சமிக்ஞைகளிலும், ரயில் பெட்டி விளக்குகளிலும், சுரங்கத் தொழிலாளரின் தலைவிளக்குகளிலும் அது இடம் பிடித்தது. எரியும் சுடரோடு வாயு நிறைந்த சுரங்கத்தில் இறங்கிய ஏழைத் தொழிலாளிக்கு அது உயிர்க்காவல் ஆயிற்று. வேறோரிடத்தில் உயிரையும் வாங்கியது. 1916 ஜனவரியில், நியூயார்க்கில் புரூக்ளின் கடற்படைத் தளத்தில், எடிசன் பாட்டரிகள் பொருத்தப்பட்டிருந்த ஈ-2 என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் ஹைட்ரஜன் வாயு குவிந்து வெடித்தது. மாலுமிகளும் தொழிலாளரும் மாண்டனர். கலத்துக்குள் நிகழும் சிறு குமிழி, அடைத்த அறையில் எமனாக மாறும் என்பதை உலகம் கண்டது.

1931 அக்டோபர் 18-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், எடிசன் வெஸ்ட் ஆரஞ்சில் காலமானார். அவர் பெற்ற 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளில் 141 பாட்டரிகளைச் சார்ந்தவை. அவர் தொடங்கிய நிக்கல்-இரும்புக் கலத் தொழில் 1972-இல் எக்சைட் கம்பெனியின் கைக்கு மாறி, 1975-இல் அங்கே நின்றுபோயிற்று.

சரி, மொட்டை மாடியில் ஊமையான வானொலிக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு? நெருங்கிய தொடர்பு உண்டு. எடிசனின் கலம், யுங்னரின் நிக்கல்-காட்மியம், இன்று கடைகளில் கிடைக்கும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் நேர்முனை நிக்கல்தான், கரைசல் காரந்தான், மின்னழுத்தம் ஏறத்தாழ 1.2 வோல்ட்டுதான். ஆனால், மூத்தவரின் பொறுமை இளையவர்களிடம் இல்லை. எடிசனின் கலத்துக்கு மூச்சுவிட வழி உண்டு, வாயு வெளியேறும், குறைந்த நீரை மீண்டும் ஊற்றலாம். நம் கைக்கருவியின் கலமோ மூடி முத்திரையிட்டது. நிறைந்த பின்னும் ஊட்டினால், அந்த மின்சாரம் சேமிப்பாகாமல் பிராணவாயுவாகவும் வெப்பமாகவும் மாறும். மெல்லிய மின்னோட்டமானால் உள்ளேயே அந்த வாயு மீண்டும் கலந்துவிடும். விரைவான மின்னோட்டமானால் கலம் சுட்டு, அடைப்பு திறந்து, கரைசல் வறண்டுபோகும். என் கலங்களுக்கு நேர்ந்தது இதுதான். நிறைய ஊட்டிய அன்பே நஞ்சாயிற்று.

ஆகவே, விடுதி நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். கலத்தின்மீது 2,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லி ஆம்பியர் வீதம் 14 முதல் 16 மணி நேரம் ஊட்டுவது பழைய, நம்பத்தக்க வழி. பத்து மணி நேரம் போதாதா என்று கேட்கலாம். ஊட்டுவதெல்லாம் உள்ளே தங்குவதில்லை; அதற்காகத்தான் அந்த மேல்வாரம். நேரம் பார்க்க முடியாதவர்கள், கலம் நிறைந்ததும் மின்னழுத்தம் சற்றே சரிவதைக் கண்டு தானே நிற்கும் சார்ஜரை வாங்க வேண்டும். தொட்டால் சுடுகின்ற கலத்தை உடனே கழற்றிவிடுக. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒன்றாகக் கோக்காதீர்கள். வரிசையில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்றவை அதன்வழியே மின்சாரத்தைத் தள்ளி, அதன் முனைகளைத் தலைகீழாக்கிக் கெடுக்கும். ஒருமுறைப் பயன்பாட்டுக்கான சாதாரண 1.5 வோல்ட் கலங்களைச் சார்ஜரில் ஒருபோதும் வைக்கலாகாது. மின்னேற்றிய கலத்தை மாதக்கணக்கில் பெட்டியில் வைத்துவிட்டு அது நிறைந்திருக்கும் என்று நம்பவும் கூடாது; சும்மா இருந்தாலும் அது வடிந்துகொண்டே இருக்கும்.

இவையெல்லாம் சிறு செய்திகள். எடிசனிடம் நான் கற்றது இவற்றினும் பெரிது. என் ஆய்வும் சென்ற சில மாதங்களாகத் தேங்கிக் கிடக்கிறது. அளந்த எண்கள் கோட்பாட்டோடு ஒத்துவரவில்லை. ஒத்துவராத புள்ளிகள் இரண்டை நீக்கிவிட்டால் வரைபடம் அழகாக வந்துவிடும் என்று மனம் ஆசை காட்டியது. யாரும் கேட்கப் போவதில்லை. அந்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது, கேட்ட வாடிக்கையாளருக்கே விற்க மறுத்துக் கலங்களைத் திரும்ப வாங்கிய அந்தக் கிழவரின் உருவந்தான். அந்த இரண்டு புள்ளிகளும் என் வரைபடத்தில் இன்னும் இருக்கின்றன. அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று கண்டறிவதே இப்போது என் வேலை.

பத்தாண்டு தவம் செய்து எடிசன் பெற்ற வரம், அவர் கேட்ட வரம் அன்று. வண்டிக்காகக் கேட்டார், சுரங்கத் தொழிலாளியின் நெற்றிக்குக் கிடைத்தது. அதற்காக அந்தத் தவம் வீண் என்று யார் சொல்வார்? புதிய கலங்கள் நான்கு வாங்கியிருக்கிறேன். இந்த முறை மணி பார்த்து ஊட்டுவேன். விண்வெளி நிலையம் அடுத்த முறை நம் தலைக்கு மேலே வரும் இரவில், நண்பர்கள் யாவரும் மொட்டை மாடிக்கு வர வேண்டுகிறேன்.